உப்புக்காற்றில் சிடார் மரம்: கறுத்தால், உரிந்தால், நார் கிளம்பினால் என்ன செய்வது?

பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வெளியில் கிடக்கும் மரச்சாமானுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களில் அடங்கிவிடும்: பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு, மரத்துக்குள் இறங்கிய இரும்பு. மழையும் வெயிலும் அதற்கு அடுத்துத்தான். ஆனால் பெஞ்சோ ஊஞ்சலோ கறுத்தால், உரிந்தால், நாம் முதலில் போவது பெயிண்ட் கடைக்கு. இன்னொரு கோட் அடித்து மூடிவிடலாம் என்று நினைப்போம். உப்பு மூடினால் அடங்காது. அடியில் இருந்தபடியே ஈரத்தை இழுத்து, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். அதனால் இந்த வழிமுறையில் எந்தக் கோளாறானாலும் முதல் படி கழுவுவது, கடைசிப் படி பூசுவது. நடுவில் உள்ளதுதான் கோளாறுக்குக் கோளாறு மாறும்.

முதலில், சிடார் என்று எதை வாங்கினீர்கள் என்று பாருங்கள். கடையில் அந்தப் பெயரில் மூன்று மரங்கள் வருகின்றன. கனடாவிலிருந்து இறக்குமதியாகும் வெஸ்டர்ன் ரெட் சிடார் ஒன்று. பெயர்தான் சிடார், தாவரவியல்படி தூஜா இனம். தூக்கினால் தக்கை மாதிரி இருக்கும் (கன மீட்டருக்குச் சுமார் 370 கிலோ, தேக்கு 650 பக்கம் வரும்). நகத்தால் அழுத்தினால் தடம் விழும். இரண்டாவது இமயமலைத் தேவதாரு. உண்மையான சிடார் இதுதான். எண்ணெய்ப் பசையும் வாசமும் அதிகம். மூன்றாவது சந்தன வேம்பு. தூன், ரெட் சிடார் என்றெல்லாம் சொல்லி விற்பார்கள், வேப்ப மரத்தின் குடும்பம். மஞ்சளாக, பிசின் முடிச்சோடு, பெட்டிப் பலகை போல இருந்தால் அது சாயம் ஏற்றிய பைன். பைனுக்கு இந்தக் கரையில் வெளியே ஆயுள் குறைவு, அதற்காக அதிகம் மெனக்கெட வேண்டாம். தேக்கு, பூவரசு வைத்திருப்பவர்களுக்கும் உப்பு, இரும்புக் கறை பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

கை வைப்பதற்கு முன் நான்கு சோதனைகள்

மொத்தமே கால் மணி நேரம். இதைச் செய்யாமல் வேலையைத் தொடங்கினால் பாதி வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

உப்புச் சோதனை: ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு தம்ளர் பிடித்து, டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தமான துணியை அதில் நனைத்து, மரத்தில் ஒரு சாண் இடத்தை அழுத்தித் துடைத்து, மறுபடி அதே தம்ளரில் பிழியுங்கள். எண் பல மடங்கு ஏறினால் மரத்தின் மேல் உப்பு உட்கார்ந்திருக்கிறது. மீட்டர் இல்லையா? விடிகாலையில் பெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். பனி இல்லாத நாளிலும் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால் உப்புதான். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே நீர்த்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே ஈரம் இழுக்கத் தொடங்கிவிடும். நம் கரையில் உப்பேறிய மரம் இரவு முழுக்க நனைந்துதான் கிடக்கும், மழையே பெய்யாவிட்டாலும்.

பிளீச் சோதனை: கறுப்பு இடத்தில் துணி வெளுக்கும் பிளீச் ஒரு சொட்டு. இரண்டு நிமிடத்தில் அந்த இடம் வெளுத்தால் பூஞ்சை. வெளுக்காவிட்டால் இரும்புக் கறை அல்லது அழுக்கு. சோதித்த இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

தண்ணீர்ச் சோதனை: நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது, மேலே எதுவும் பூச வேண்டாம், பூசினாலும் உள்ளே இறங்காது. பத்து நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொண்டால் மரம் பூச்சுக்குத் தயார்.

குத்தூசிச் சோதனை: காலின் அடி, மூட்டு, ஸ்க்ரூவைச் சுற்றிய இடம், வெட்டுமுனை ஆகிய இடங்களில் குத்தூசியை அழுத்துங்கள். சிடார் மெதுமரம் என்பதால் 2 மி.மீ. இறங்குவது இயல்பு. எதிர்ப்பே இல்லாமல் 5 மி.மீ. இறங்கி, வெளியே எடுக்கும்போது ஈரத்தூள் ஒட்டி வந்தால் அழுகல். அதற்குப் பூச்சு மருந்தில்லை, கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது?

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பல வீட்டுப் போர் தண்ணீரே கரிக்கும். அதில் பெஞ்சைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. டி.டி.எஸ். 500க்குள் இருந்தால் கழுவலாம். 2000ஐத் தாண்டினால் தொடவே வேண்டாம். 'வீணாகப் போகிறதே' என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்துக் கழுவுபவர்கள் உண்டு. அது குழாயில் வந்ததைவிடக் கூடுதல் உப்போடு வெளியேறும் தண்ணீர். ஏ.சி. தண்ணீர், மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீர், காவிரிக் குழாய்த் தண்ணீர் மூன்றும் நல்லது. குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கும் ஊரில் ஓஸ் போட்டு அடிக்கச் சொல்லவில்லை. ஆறடி பெஞ்சுக்கு 10 லிட்டர் போதும். 2 லிட்டர் கைப்பம்பு தெளிப்பானில் நிரப்பி, மேலிருந்து கீழாகத் தெளித்து, நைலான் பிரஷால் மரநார் போகும் திசையில் தேய்த்து, இன்னொரு முறை தெளித்து வழியவிடுங்கள். தெளிப்பான் புதிதாக இருக்கட்டும், பூச்சிமருந்து அடித்ததை எடுக்காதீர்கள். பிரஷர் வாஷர் சிடாருக்கு ஆகாது, மெதுவான நாரைக் கிழித்துப் பஞ்சாக்கிவிடும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? வீடு எந்தக் கடலைப் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏர்வாடி, கீழக்கரை, குந்துகால் போல ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இருந்தால் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை. தொண்டி, தேவிபட்டினம் போலப் பெண் கடல் (பாக் விரிகுடா) பக்கமென்றால் வாடைக்காற்றுக் காலத்தில்தான் உப்பு அதிகம் ஏறும், ஆனால் பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். மழை விட்ட தை மாதத்தில் மறக்காமல் கழுவுங்கள். கூரைக்கு அடியில் இருக்கும் ஊஞ்சலும் தூணும்தான் வெட்டவெளியில் இருப்பதைவிட அதிகம் உப்பு சேர்க்கும், மழை அவற்றைக் கழுவுவதில்லை. திண்ணைத் தூண் கெட்டு முற்றத்து பெஞ்ச் நன்றாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அறிகுறி: ஆணியைச் சுற்றிக் கறுப்பு, கீழே கண்ணீர் போலக் கோடு

பிளீச் சொட்டுக்கு வெளுக்காது. நீலக்கறுப்பாக இருக்கும். சிடாரிலும் தேக்கிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை உண்டாகும். பழைய காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து எழுதும் மை செய்ததும் இதே வேதியியல்தான். வெஸ்டர்ன் ரெட் சிடாருக்கு இயல்பிலேயே அமிலத்தன்மை உண்டு, அது இரும்பைத் தின்னும். உப்புக்காற்று அதற்குத் துணை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை.

கறையை எடுக்கும் முன் இரும்பை எடுங்கள். ஆணி உள்ளேயே இருக்க மேலே கறையை நீக்கினால், முதல் மழைக்கு அதே இடத்தில் அதே கோடு வரும். துரு பிடித்த ஸ்க்ரூ திரும்பவில்லை என்றால் தலையில் சால்டரிங் அயர்னை ஒரு நிமிடம் வைத்து, ஆறியதும் திருப்புங்கள். தலை உடைந்துவிட்டால் சுற்றி 10 மி.மீ. துளையிட்டு மொத்தமாக எடுத்து, மரக்குச்சியை எபாக்சி பசையில் தோய்த்து அடைத்துவிடுங்கள்.

பிறகு ஆக்சாலிக் ஆசிட். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 60 கிராம், பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக்கொள்ளுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. கறை உள்ள இடத்தில் மட்டும் தடவினால் அங்கே வெளுத்த வட்டம் விழும். அந்தப் பலகை முழுவதிலும், முனையிலிருந்து முனை வரை தடவுங்கள். 15 முதல் 20 நிமிடம் காயாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும், வெயிலில் செய்யாதீர்கள். நிறம் கண்முன்னே இறங்கும். இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சரியாகக் கழுவாமல் காய்ந்தால் வெள்ளைப் படிகம் நிற்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். உள்ளே போனால் நஞ்சு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இன்னொன்று: கீழக்கரைப் பக்கம் உள்ளது போன்ற சுண்ணாம்புச் சுவர், பவளக்கல் கட்டடம், கடப்பா அல்லது மார்பிள் தரையில் இது பட்டால் அரித்து, துடைக்க முடியாத வெள்ளைத் திட்டு விடும். பெஞ்சை மணலில் தூக்கிப் போட்டுச் செய்யுங்கள்.

மாற்றுவதற்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூதான். 304 கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் போதும், கடற்கரையில் அதற்கும் பழுப்புக் கறை வரும். காந்தம் வைத்துப் பார்த்தால் முலாம் பூசிய இரும்பைக் கண்டுபிடிக்கலாம், 304ஐயும் 316ஐயும் பிரித்துச் சொல்லாது. போல்ட் தலையில் பொறித்திருப்பதைப் பாருங்கள்: ஏ2 என்றால் 304, ஏ4 என்றால் 316. வேலை தொடங்குவதற்கு முன்பே ஆசாரியிடம் "அண்ணே, உங்க டப்பாவுல இருக்க ஆணி வேணாம், ஸ்க்ரூ நான் வாங்கித் தாரேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. பலகை போட்ட பிறகு சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

அறிகுறி: மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளி

இரண்டு காரணம், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிளீச் சொட்டுக்கு வெளுத்தால் பூஞ்சை: வெதுவெதுப்பான தண்ணீர் லிட்டருக்கு 50 கிராம் சோடியம் பெர்கார்பனேட் கலந்து, 15 நிமிடம் ஈரமாக வைத்து, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கிடைக்காவிட்டால் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, 10 நிமிடம். பிளீச்சும் ஆக்சாலிக் ஆசிட்டும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முழுக்கக் கழுவி, ஒருநாள் விட்டு, அப்புறம்தான் மற்றது.

வெளுக்காவிட்டால் இரும்புத்தூள். பக்கத்தில் யாரோ ஜன்னல் கம்பியை கிரைண்டரில் அறுத்திருப்பார்கள், பொறி பறந்து மரத்தில் பதிந்திருக்கும். அன்றைக்குத் தெரியாது, முதல் பனிக்குத் தெரியும். இரும்பு வயர் பிரஷ், ஸ்டீல் உல் போட்டுத் தேய்த்தாலும் இதேதான். வலுவான காந்தத்தை ஒரு துணியில் சுற்றி மரத்தின் மேல் மெதுவாக இழுத்துத் தூளை எடுத்த பிறகு ஆக்சாலிக் ஆசிட். வீட்டில் வெல்டிங் வேலை நடந்தால் பெஞ்சின் மேல் ஒரு தார்ப்பாய் போடுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: கழுவிய பிறகு மரமே மொத்தமாகக் கறுத்துவிட்டது

சோப்புத்தூள், சலவைச் சோடா, ஏன் பெர்கார்பனேட்டும்கூடக் காரத்தன்மை கொண்டவை. காரம் பட்டால் சிடாரின் துவர்ப்புச் சத்து கருஞ்சிவப்பாகும். பயப்பட ஒன்றுமில்லை. ஆக்சாலிக் ஆசிட்டை லிட்டருக்கு 30 கிராம் என்று நீர்க்கக் கரைத்து ஒருமுறை தடவிக் கழுவினால் பழைய நிறம் வந்துவிடும்.

அறிகுறி: வெள்ளைத் திட்டு

ஈரத்துணியால் துடைத்தால் மறைந்து, காய்ந்ததும் மறுபடி வந்தால் உப்பு. கழுவிய தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். துடைத்தும் போகாமல், பூச்சுக்குள்ளேயே பால் கலந்தது போல இருந்தால் பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அது மரத்து வேலைக்கும் பொருந்தும். மாலை நாலு மணிக்கு அடித்த வார்னிஷ் காய்வதற்குள் பனி இறங்கினால் மங்கிப்போகும். இரண்டு நாள் நல்ல வெயில் காட்டிப் பாருங்கள், லேசான மங்கல் தானாகத் தெளியும். தெளியாவிட்டால் 220 நம்பர் உப்புத்தாளில் மேலோட்டமாகத் தேய்த்து, காலை பத்து மணிக்கு மேல் ஒரு மெல்லிய கோட்.

அறிகுறி: வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது

இந்தக் கரையில் அதிகம் கேட்கப்படும் புகார் இது. பதில் யாருக்கும் பிடிக்காது: முழுவதையும் எடுக்க வேண்டும்.

ஏன் உரிகிறது? நிறமில்லாத பூச்சு வழியாக வெயிலின் புற ஊதாக்கதிர் உள்ளே போகும். பூச்சு நன்றாக இருக்கும்போதே அதன் அடியில் மரநாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் சிதையும். பூச்சு ஒட்டியிருப்பது நல்ல மரத்தில் அல்ல, இறந்த நார்மேல். அப்புறம் ஒரு கீறலில் ஈரம் புகுந்தால் போதும். உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள், அடியில் நரை நிற நார் ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். நார் ஒட்டாமல் சுத்தமாக, கண்ணாடித்தாள் போல உரிந்து வந்தால் காரணம் வேறு. மரம் ஈரமாக இருந்தபோது அடித்திருக்கிறார்கள், அல்லது இழைப்பு மெஷினின் பளபளப்போடு அப்படியே விட்டிருக்கிறார்கள், அல்லது அடியில் உப்பு. தேவதாருவாக இருந்தால் அதன் எண்ணெயும் பூச்சை ஒட்டவிடாது. அதற்குப் பூசும் முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அரை மணி நேரத்துக்குள் முதல் கோட் அடிக்க வேண்டும்.

மெலமைன், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஆகிய பளபளப்புப் பூச்சுகள் இரண்டும் வீட்டுக்குள் இருக்கும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் உரியவை. பாலிஷ்காரர் 'நல்ல ஷைனிங் வரும்' என்று சொல்வது உண்மைதான், வரும். பின்னாலேயே வெடிப்பும் வரும்.

எடுக்கும் முறை: கூரான சுரண்டியால் தளர்ந்ததை எல்லாம் எடுங்கள். ஒட்டியிருப்பதை ஹீட் கன் காட்டிச் சுரண்டலாம், ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் கருகும். பிறகு 60 நம்பர் உப்புத்தாள், அடுத்து 80, முடிவு 100 அல்லது 120. அதற்கு மேல் வழவழப்பாக்க வேண்டாம், எண்ணெய் இறங்குவதற்கு வாய் வேண்டும். நரைத்த நார் போய்ப் புது மர நிறம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்: வெஸ்டர்ன் ரெட் சிடார் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. துணி கட்டினால் போதாது, என்95 வேண்டும். பிறகு கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். மரம் காய்ந்ததா என்று அறிய, கழற்றக்கூடிய ஒரு சிறு பலகையைச் சமையலறைத் தராசில் காலையும் மாலையும் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

இனி என்ன பூசுவது? எங்கள் தீர்ப்பு: பளபளப்புக்கு ஆசைப்படாதீர்கள். நிறமி கலந்த, பூஞ்சைத்தடுப்பு உள்ள, வெளிப்புற எண்ணெய் ஸ்டெயின்தான் இந்தக் காற்றுக்குத் தாங்கும். நிறமிதான் வெயிலைத் தடுக்கிறது, எண்ணெய் அல்ல. அதனால் நிறமில்லாத எண்ணெய் வாங்கினால் பாதிப் பணம் வீண். அது படலமாக நிற்காததால் உரியவும் உரியாது, மெதுவாகத் தேயும். தேய்ந்ததும் கழுவி அதன் மேலேயே இன்னொரு கோட் போடலாம், சுரண்டும் வேலை இல்லை. இழைத்த மரத்துக்கு லிட்டருக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். ரம்பம் அறுத்த சொரசொரப்பான பரப்பில் பாதிதான் வரும், ஆனால் அதில்தான் கூடுதலாக ஊறி நீடித்து நிற்கும். வெட்டுமுனைகளுக்கு மூன்று முறை, உறிஞ்ச உறிஞ்சக் கொடுங்கள். தண்ணீர் பலகையின் முகத்தைவிட முனை வழியாகத்தான் வேகமாக ஏறும்.

இல்லை, பளபளப்புத்தான் வேண்டும் என்றால் புற ஊதாத் தடுப்பு உள்ள படகு வார்னிஷ். முதல் கோட் பாதிக்குப் பாதி தின்னர், இரண்டாவது கால் பங்கு தின்னர், பிறகு அப்படியே. மொத்தம் ஆறு கோட்டுக்குக் குறையக் கூடாது, நடுநடுவே 220 உப்புத்தாள். வருடா வருடம் மாசியில் மங்குவதற்கு முன்பே ஒரு கோட். ஒரு வருடம் தவறினால் மறுபடி சுரண்டியை எடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி: பிசுபிசுப்பு போகவே மாட்டேன் என்கிறது

எண்ணெய் பூசி 15 அல்லது 20 நிமிடத்தில் உறிஞ்சாமல் நிற்பதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரமாகவே இருக்கும், மணலும் தூசியும் ஒட்டும். டர்பன்டைன் நனைத்த சொரசொரப்பான துணியால் தேய்த்து எடுத்துவிட்டு இரண்டு நாள் விடுங்கள். பச்சை ஆளிவிதை எண்ணெய் பூசியிருந்தால் அது காயவே நாள்கணக்காகும். அதற்குள் பூஞ்சைக்கு விருந்தாகிவிடும், நம் ஈரக்காற்றில் பெஞ்ச் கறுத்துப்போகும். வள்ளத்துக்குப் பூசுகிறார்களே என்று முந்திரி ஓட்டு எண்ணெயோ மீன் எண்ணெயோ எடுக்க வேண்டாம். வள்ளத்துக்கு நிறமும் வாசமும் பொருட்டல்ல. முந்திரி ஓட்டு எண்ணெய் மரத்தைக் கறுப்பாக்கும், பச்சையாக இருந்தால் கை கால் கொப்புளித்துவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி, கொடியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் குப்பையில்.

அறிகுறி: பஞ்சு போல நார் கிளம்புகிறது

கால்களிலும் கைப்பிடியின் அடியிலும் மயிர்போல நார் நிற்கும், உரசினால் உடம்பில் ஒட்டும். உப்புத் தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, காயும்போது படிகமாகி, நாரை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்கிறது. படகுத்துறைக் கட்டைகளில் பார்த்திருப்பீர்கள். பார்க்கக் கோரமாக இருந்தாலும் இது அழுகல் இல்லை, மரத்தின் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தேய்த்தவுடன் போய்விடும், ஆனால் உப்பு உள்ளே இருந்தால் திரும்பவும் வரும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: மூன்று நாள் தொடர்ந்து நல்ல தண்ணீரில் நனைத்து நனைத்து வழியவிட்டு, டி.டி.எஸ். எண் இறங்கியதைப் பார்த்து, காயவிட்டு, 80 நம்பரில் தேய்த்து, உடனே எண்ணெய். தனுஷ்கோடிச் சாலை ஓரம் போல மணல் அடிக்கும் இடத்தில் காற்றுப் பக்கத்து நார் தேய்ந்து வரிவரியாகப் பள்ளம் விழும். அதற்கு மருந்து பூச்சில் இல்லை, பெஞ்சைத் திருப்பிப் போடுவதில் இருக்கிறது.

அறிகுறி: சாம்பல் நிறம்

கோளாறே இல்லை. பூசாத சிடார் வெயிலில் நரைக்கும், சிலருக்கு அந்த வெள்ளி நிறம்தான் பிடிக்கும். கழுவிக்கொண்டு மட்டும் இருந்தால் போதும்.

அறிகுறி: சுவரில், தரையில் பழுப்பு வழிசல்

புது சிடாரின் துவர்ப்பு மழையில் கரைந்து இறங்குகிறது. முதல் மழைக்காலத்தோடு குறைந்துவிடும். வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் வைக்கும் முன் புதுப் பலகையை நாலைந்து முறை நனைத்துக் காயவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் பட்டுவிட்டால் மறுபடி வெள்ளையடிப்பதுதான் வழி. சிடாருக்கே வெள்ளை பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் ஆயில் வுட் பிரைமர் இரண்டு கோட் வேண்டும், ஒன்று போட்டால் பழுப்பு மேலே ஊறி வரும்.

அறிகுறி: மூட்டு ஆடுகிறது, ஸ்க்ரூ சுற்றுகிறது

மெதுமரத்தில் துளை தேய்ந்துவிட்டது. நீளமான ஸ்க்ரூ போட்டால் கொஞ்ச நாள் நிற்கும். சரியான வழி: துளையை 10 மி.மீ. ஆக்கி, தேக்குக் குச்சியை எபாக்சியில் அடித்து, ஒருநாள் கழித்து அதில் புதுத்துளை. 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.5 மி.மீ. துளை, பலகை முனையிலிருந்து 25 மி.மீ. தள்ளி. கையால் இறுக்குங்கள், டிரில் மெஷினால் இறுக்கினால் தலை மரத்துக்குள் புதைந்து அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

அறிகுறி: பலகை வளைந்து வெடிப்பு விடுகிறது

மேல்பக்கம் மட்டும் பூசி அடிப்பக்கத்தை விட்டிருப்பீர்கள். ஆறு பக்கமும் பூச வேண்டும். 2 மி.மீ. வரை வெடிப்பை விட்டுவிடுங்கள், மக்கு வைத்து அடைத்தால் மழைக்கு மரம் ஊதும்போது மக்கு பிதுங்கி, அந்தப் பிளவு இன்னும் அகலும்.

அறிகுறி: காலடி மெத்தென்று இருக்கிறது, அல்லது கசகசா போலக் குருணை கொட்டுகிறது

குருணை என்றால் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். அது மண்ணிலிருந்து வருவதில்லை, மண்புற்றும் கட்டாது. துளை எங்கே என்று பார்த்து, அந்தப் பலகையைக் கழற்றி மற்றதிலிருந்து பிரித்துவிடுங்கள். மண் பூசிய தடம் ஏறியிருந்தால் நிலக்கரையான். தடத்தை உடைத்துவிட்டு, காலைச் சுற்றிய மண்ணுக்கு இமிடாகுளோபிரிட் 30.5 விழுக்காடு மருந்து லிட்டருக்கு 2.1 மி.லி. கலந்து ஊற்றலாம். கிணறோ ஊருணியோ பக்கத்தில் இருந்தால் ஊற்றக் கூடாது, நம் மணலில் மருந்து நேராகக் கீழே இறங்கிவிடும். சிடார் பூச்சியைத் தாங்கும் என்பதெல்லாம் மரத்தின் உள்ளே இருக்கும் வைரப் பகுதிக்கு மட்டும்தான். ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, வாங்கும்போதே ஒதுக்கிவிடுங்கள்.

அழுகல் என்றால், குத்தூசி மெத்தென்று இறங்கிய இடத்திலிருந்து 5 செ.மீ. மேலே, நல்ல மரத்தில் வெட்டுங்கள். நான்கு காலையும் ஒரே அளவுக்குக் குறைத்து, வெட்டுமுனையில் எபாக்சியை இரண்டு முறை தடவி, அடியில் 15 மி.மீ. நைலான் புஷ் அல்லது கிரானைட் துண்டு வையுங்கள். சிமென்டில் புதைத்த தூணாக இருந்தால் அழுகல் எப்போதும் தரைமட்டத்தில்தான் தொடங்கும், அங்கே சிமென்ட் ஒரு கிண்ணம் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மேலே பூசிப் பயனில்லை. தூணை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அடியை அறுத்துவிட்டு, தரைக்கு மேல் 5 செ.மீ. நிற்கும்படி கல்லோ 316 தகட்டுக் காலணியோ வைத்து அதன் மேல் உட்கார வையுங்கள். தூணின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குத்தூசி இறங்கினால், மேலே கூரை இருக்கும் பட்சத்தில், அதை ஒட்டுப்போட நினைக்காமல் அடுத்த வாடைக்கு முன் மாற்றிவிடுங்கள்.